திறந்த ஏடும் திறந்த வீடும்

தமிழ்நாட்டுக் குடியானவன் இன்று தன் நிலத்தின் பட்டாவைப் பார்ப்பதற்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சர்வே நம்பர் தெரிந்தால் கைப்பேசியிலேயே பட்டா கிடைக்கிறது. பத்திரப் பதிவு இலாகாவின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் கிடைக்கிறது. கைக்கூலி கொடுத்தாலன்றி ஏடு புரளாது என்றிருந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இது எத்தகைய விமோசனம் என்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்தக் குடியானவன் பார்க்கும் அதே ஏட்டை அவனுடைய பங்காளி பார்க்கலாம். கடன் கொடுத்தவன் பார்க்கலாம். அவனை முன்பின் அறியாத ஒருவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, இன்ன காரணம் என்று யாரிடமும் சொல்லாமல் பார்க்கலாம். நன்மையோடு கூடப் பிறந்த இந்தத் தீமையைப் பற்றி நம் தேசத்தில் போதுமான விசாரணை நடக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு மனிதனுடைய பெயரும் ஊரும் மட்டும் தெரியுமென்று வைத்துக்கொள்வோம். வாக்காளர் ஜாபிதாவில் அவனுடைய தகப்பனார் பெயர், வயது, வீட்டு இலக்கம், அதே வீட்டில் வசிக்கும் இதர வாக்காளர்களின் பெயர்கள் யாவும் அடங்கியிருக்கின்றன. வில்லங்கச் சான்றில் ஒரு மனை எந்தத் தேதியில் யாரிடமிருந்து யாருக்கு என்ன விலைக்குக் கைமாறிற்று, அதன்மேல் அடமானம் உண்டா என்பது தெரிகிறது. கோர்ட்டுகளின் தளத்தில் கட்சிக்காரன் பெயரைக் கொண்டே வழக்கைத் தேடலாம். அவன் ஒரு கம்பெனியின் டைரக்டராக இருந்துவிட்டால் கம்பெனி ரிஜிஸ்தரிலும் அவன் சங்கதி அகப்படும். இவற்றுள் ஒன்றேனும் திருட்டுத் தகவல் அன்று. ஒவ்வொன்றையும் சட்டமே பகிரங்கமாக வைத்திருக்கிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஒரு நூலில் கோத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் தெருவில் நிற்கிறது.

ஏடு ஏன் திறந்திருக்கிறது?

அப்படியானால் ஏடுகளை மூடிவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது பெரும் பிழை. ஏடு திறந்திருப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது.

1908-ஆம் வருஷத்துப் பத்திரப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, நிலம் வீடு சம்பந்தமான தஸ்தாவேஜுகள் பதிவாகும் 1-வது புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி மனுச் செய்யும் எவரும் பார்வையிடலாம் என்கிறது. நிலம் வாங்குகிறவன் ஏமாறாதிருக்க வேண்டுமானால், விற்கிறவனுக்கு உண்மையில் பாத்தியதை உண்டா என்று பார்க்க அவனுக்கு வழியிருக்க வேண்டும். அதே பிரிவு உயில்கள் பதிவாகும் 3-வது புத்தகத்தை அவ்விதம் திறந்து வைக்கவில்லை. உயில் எழுதியவன் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவனுக்கோ அவனுடைய ஏஜெண்டுக்கோ அன்றி வேறெவருக்கும் கிடையாது. ஊருக்குத் தெரிய வேண்டியது எது, குடும்பத்துக்குள் இருக்க வேண்டியது எது என்ற விவேகம் அந்தப் பழைய சட்டத்தில் இருந்தது. சட்டம் செய்தவர்கள் அன்னியர்களே ஆயினும் இந்த ஒன்றில் அவர்களுடைய பாகுபாடு சரியானதே.

நம் முன்னோர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, ஏறக்குறைய 921-ஆம் வருஷத்துச் சாசனம் இருக்கிறது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதி அதில் வெட்டப்பட்டிருக்கிறது. வாரியத்துக்கு வருகிறவனுக்கு இவ்வளவு நிலம் இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது என்று அது விதிக்கிறது. பொதுக் காரியத்துக்கு வருகிறவனுடைய சொத்தும் நடத்தையும் ஊரார் ஆராய்ச்சிக்கு உட்பட்டவை என்ற தத்துவம் நமக்கு மேனாட்டிலிருந்து வந்த சரக்கன்று. ஆனால் அந்தச் சாசனம் வாரியத்துக்கு வருகிறவனைப் பற்றித்தான் பேசுகிறது. ஊரில் இருக்கும் ஒவ்வொருவனையும் பற்றிக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தூசியே காவலாக இருந்த காலம்

முன்பெல்லாம் ஏடு திறந்திருந்தும் குடும்பங்களுக்கு ஆபத்து வரவில்லையே, ஏன்? ஏட்டைப் பார்க்க ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போக வேண்டும். மனு எழுதிக் கையெழுத்திட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். குமாஸ்தா ஏட்டை எடுத்துத் தூசி தட்டித் தரும்வரை காத்திருக்க வேண்டும். இன்னார் இன்ன தேதியில் வந்து இன்னதைக் கேட்டார் என்பது ஆபீசில் பதிந்துவிடும். வெறும் வம்புக்காக இவ்வளவு சிரமப்படுகிறவர்கள் சிலரே. சட்டம் வைக்காத காவலைத் தூரமும் தூசியும் வைத்திருந்தன. இணையம் வந்து தூரத்தை ஒழித்தது, தூசியையும் துடைத்துவிட்டது. அவற்றின் இடத்தில் வேறு காவல் வைக்க வேண்டுமென்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்க தேசத்தில் இந்தக் கேள்வி முன்பே எழுந்தது. பல கோர்ட்டுகளிலும் போலீஸ் ஸ்டேஷன்களிலும் சிதறிக் கிடக்கும் பதிவுகள் ஒருபுறம். அவை அனைத்தையும் சர்க்கார் ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கும் குற்றப் பட்டியல் மற்றொருபுறம். இரண்டும் ஒன்றாகா என்றும், தனித்தனியே பகிரங்கமானவையும் தொகுத்தபின் அந்தரங்கப் பாதுகாப்புக்கு உரியவையாகும் என்றும் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 1989-இல் தீர்ப்புச் செய்தது. அதே வருஷத்தில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகை தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டாள். கொலையாளி அவளைப் பார்க்காமலே பித்துக்கொண்டு தொடர்ந்தவன். கலிபோர்னியா ராஜ்யத்தின் மோட்டார் வாகன இலாகா ஏட்டிலிருந்து ஒரு துப்பறியும் ஆசாமி மூலம் அவளுடைய விலாசத்தைப் பெற்றான். அந்த ஏட்டில் விலாசத்தை எழுதியவர்கள் எவரும் கொலைக்கு உடந்தையல்லர். கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்தார்கள், அவ்வளவே. 1994-இல் அமெரிக்கக் காங்கிரஸ் வாகன ஏடுகளைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. ஓர் உயிர் போன பிறகே அந்தச் சட்டம் வந்தது.

நம் தேசத்து அனுபவம்

நம் தேசத்தில் என்ன நடந்தது? 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி, மதம் மாறாமல் கலப்பு மணம் செய்ய விரும்புவோர் 30 நாட்களுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் புத்தகத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நகல் ஒன்று ஆபீசில் பகிரங்கமாக ஒட்டப்படும். கேரளத்தில் இந்த நோட்டீசுகளைப் படமும் விலாசமும் உட்பட இணையத்தில் ஏற்றி வைத்தார்கள். வகுப்புத் துவேஷம் பரப்புவோர் அவற்றை எடுத்து ஊரெங்கும் சுற்றுக்கு விட்டார்கள். புகார் எழுந்த பிறகு 2020-இல் அந்த ராஜ்யம் நோட்டீசுகளை இணையத்தில் ஏற்றும் வழக்கத்தை நிறுத்திற்று. நோட்டீசைப் பிரசுரிப்பதும் பிரசுரிக்காததும் மணமக்களின் விருப்பம் என்று 2021-இல் அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. ஆபீஸ் சுவரில் ஒட்டிய காகிதத்தை அந்தத் தெருவில் போகிறவன்தான் படிப்பான். இணையத்தில் ஏற்றிய காகிதத்தைப் படிப்பவன் எந்த ஊரில் எத்தகைய அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறான் என்று யார் அறிவார்? சாதி மாறி மணந்த குற்றத்துக்காகப் பிள்ளைகளின் இரத்தம் சிந்தக் கண்ட தமிழ்நாடு இதை அலட்சியம் செய்ய முடியாது.

ஆதார் விஷயத்தையும் பார்ப்போம். மத்திய, ராஜ்ய சர்க்கார்களின் ஏறக்குறைய 210 தளங்களில் பயனாளிகளின் ஆதார் விவரங்கள் பகிரங்கமாகக் கிடந்தன என்பது 2017-இல் வெளிவந்தது. அதே வருஷம் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் நான்கே தளங்களை ஆராய்ந்து, அவற்றின் மூலம் 13 கோடி ஆதார் எண்கள் வெளியாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவற்றுள் ஒரு தளம் முதியோர், விதவையர் முதலியோருக்கு உதவித் தொகை கொடுக்கும் திட்டத்தைச் சேர்ந்தது. ஏழை மனிதன் சர்க்காரிடம் கை நீட்டினால், அந்தக் கையின் ரேகை வரையில் ஊருக்குக் காட்டித்தான் கொடுப்போம் என்பது என்ன நியாயம்?

மதுரைக் கதை மூன்றாவது. குற்றச்சாட்டிலிருந்து முற்றும் விடுதலை பெற்ற ஒருவர், இணையத்தில் தம் பெயரைத் தேடினால் தீர்ப்பு வந்து நிற்கிறதென்றும், அதில் தம் பெயரை மறைக்க வேண்டுமென்றும் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் முறையிட்டார். இதற்குரிய சட்டம் இன்னும் வரவில்லையென்று 2021-இல் தனி நீதிபதி மறுத்துவிட்டார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவுக்குத் தடை விதித்து, விஷயத்தைத் தானே ஆராய எடுத்துக்கொண்டது. நீதி ஸ்தலம் பகிரங்கமாக நடக்க வேண்டியதே. தீர்ப்பை மறைத்தால் நீதிபதியையும் மறைத்ததாகும். ஆயினும் நிரபராதி என்று தீர்ப்புப் பெற்றவனுக்கு அந்தத் தீர்ப்பே ஆயுள் தண்டனையாக இருப்பதும் நீதியாகாது.

பெயர்ப் பட்டியலில் இருந்த ரகசியம்

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ராஜஸ்தானத்தில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் சங்கம் 1994 முதல் கிராமங்களில் ஜன விசாரணை நடத்தியது. பஞ்சம் தீர்க்கும் வேலைக்கான கூலி ஜாபிதாவை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்தவன் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது; ஊரைவிட்டுப் போனவன் பெயரிலும் எழுதப்பட்டிருந்தது. பெயரைப் படிக்காவிட்டால் அந்தத் திருட்டு என்றைக்கும் பிடிபட்டிராது. அந்தப் போராட்டத்தின் கனிதான் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1997-இல், தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் சட்டம் செய்துகொண்டது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். அபேட்சகர்களின் சொத்தும் கிரிமினல் வழக்குகளும் வாக்காளருக்குத் தெரிய வேண்டுமென்று 2002-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025-இல் பீகார் வாக்காளர் ஜாபிதாவிலிருந்து விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் விவரத்தைக் காரணத்தோடு இணையத்தில் போடும்படி உத்தரவிட்டதும் அதே கோர்ட்டுதான். பெயரைப் பகிரங்கப்படுத்துவது அங்கே அந்தரங்க பங்கம் அன்று. பிரஜையின் வாக்குரிமைக்குக் காப்பு.

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாமும் இதில் கட்சிக்காரர்களே. ஆட்டோ சங்கர் வழக்கு என்று தமிழ்நாடு அறிந்த விவகாரத்தில், தூக்குத் தண்டனை பெற்ற கைதியின் சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிடலாமா என்ற கேள்வி எழுந்தது. 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், பிரஜைக்கு அந்தரங்க உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டது. அதே தீர்ப்பில், கோர்ட் ஏடு முதலிய பொது ஏட்டில் ஏறிவிட்ட விஷயத்தைப் பத்திரிகை எழுதலாம், அங்கே அந்தரங்கம் பேச இடமில்லை என்றும் சொன்னது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்கள் முதலியோரின் பெயருக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்தத் தீர்ப்பு நமக்குக் கேடயம். ஆனால் அது காகித காலத்தில் பிறந்த கேடயம். பொது ஏட்டில் ஏறியது என்பதன் பொருள் அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு வேறு. இதை ஒப்புக்கொள்ளும் கடமை அந்தக் கேடயத்தின் பின்னால் நிற்கும் நமக்கே முதலில் உண்டு.

பூட்டு எந்தக் கதவில்?

இந்த இரண்டு நியாயங்களையும் சமன் செய்ய வேண்டியது சட்டசபைகளின் பொறுப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023-இல் பார்லிமெண்டு எண்ணியல் சொந்தத் தகவல் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரஜையின் வீட்டுக் கதவுக்கு இனியாவது தாழ்ப்பாள் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் அந்தச் சட்டத்தை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அதன் 3-வது பிரிவு, ஏதேனும் ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் பகிரங்கமாக்கப்பட்ட சொந்தத் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதாவது, சட்டப்படி பகிரங்கமான ஏட்டில் ஏறியது ஏறியதுதான். அதைத் தொகுத்து விற்பவனையும் துர்உபயோகம் செய்பவனையும் இந்தச் சட்டத்தின் கீழ்க் கேட்க வழியில்லை.

அதே சட்டத்தின் 44-வது பிரிவோ தகவல் உரிமைச் சட்டத்தின் மேல் கை வைக்கிறது. முன்பு, பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்தத் தகவலையும், அவசியமின்றி ஒருவர் அந்தரங்கத்தில் தலையிடும் தகவலையுமே சர்க்கார் மறுக்கலாம். பொது நன்மை பெரிதாயின் அவற்றையும் கொடுக்க வேண்டும். பார்லிமெண்டுக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாததைப் பிரஜைக்கும் மறுக்கக் கூடாது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் இந்த வரம்புகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டது. 'சொந்தத் தகவல்' என்ற இரண்டு வார்த்தைகளே இனி மறுப்புக்குப் போதும்.

பொது நன்மை பெரிதாக இருந்தால் தகவல் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கலாம் என்பதற்கும் மறுக்கக் கூடாது என்பதற்கும் உள்ள தூரம் வக்கீல்களுக்கு மட்டுமல்ல, ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்ற எந்தக் குடியானவனுக்கும் தெரியும். ஒப்பந்தக்காரன் பெயர் சொந்தத் தகவல். லஞ்ச விசாரணைக்கு ஆளான உத்தியோகஸ்தர் பெயர் சொந்தத் தகவல். கூலி ஜாபிதாவில் உள்ள செத்தவன் பெயரும் சொந்தத் தகவல் என்று ஒரு குமாஸ்தா எழுதிவிட்டால், அதை மாற்ற மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாக அலைய வேண்டும். தேர்தல் பத்திர வழக்கிலும் நன்கொடை கொடுத்தவர்களின் அந்தரங்கம் என்ற திரைதான் பிடிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15-இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் திட்டத்தையே தள்ளுபடி செய்தது. பலசாலியின் கைக்குப் போனால் அந்தரங்கம் என்ன வேலைக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆக, ஏழையின் விலாசமும் மனையும் வழக்கும் முன்போல் சந்தையில் கிடக்கின்றன. கஜானாவின் கணக்குப் புத்தகத்துக்குப் பூட்டு வந்திருக்கிறது. தாழ்ப்பாள் கேட்டது வீட்டுக்காரன், பூட்டிக்கொண்டது சர்க்கார். அன்னிய ஆட்சியின் இலட்சணம் என்னவாக இருந்தது? பிரஜையைப் பற்றி சர்க்காருக்கு எல்லாம் தெரியும். தேச பக்தன் எங்கே போனான், யாரோடு பேசினான் என்பது வரை ரகசியப் போலீஸ் குறித்து வைத்தது. சர்க்காரைப் பற்றிப் பிரஜைக்கு ஒன்றும் தெரியாது. 1923-ஆம் வருஷத்து ராஜாங்க ரகசியச் சட்டம் அதற்குக் காவல் நின்றது. சுயராஜ்யம் என்பது இந்த உறவைத் தலைகீழாக்குவது என்றுதான் நம் பெரியோர்கள் சிறை சென்றார்கள்.

செய்ய வேண்டியது

குறையைச் சொல்லிவிட்டுப் பரிகாரம் சொல்லாமல் விடுவது நமது வழக்கமன்று. முதலாவது, தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய வாசகத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, பதிவு ஆபீசில் மனுக் கொடுத்து ஏட்டைப் பார்த்த பழைய முறையின் சாரம் இணையத்திலும் இருக்க வேண்டும். பிறர் சொத்து விவரத்தைப் பார்க்கிறவன் தன் பெயரைப் பதிந்துவிட்டுப் பார்க்கட்டும். தன் ஏட்டை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் சொத்துக்காரனுக்குச் சொல்லப்பட வேண்டும். உண்மையில் நிலம் வாங்க வருகிறவனுக்கு இதனால் நஷ்டமில்லை. மூன்றாவது, விவாக நோட்டீசு எந்த ராஜ்யத்திலும் இணையத்தில் ஏறக் கூடாது.

நான்காவது, விடுதலை பெற்றவனுடைய தீர்ப்பு ஏட்டில் இருக்கட்டும்; சட்டம் படிப்பவன் வழக்கு எண்ணைக் கொண்டு தேடிப் படிக்கட்டும்; ஆனால் வெறும் பெயரைத் தட்டினால் அது வந்து நிற்கக் கூடாது. இது நடவாத காரியமன்று. 1998-இல் ஒரு ஸ்பானியப் பத்திரிகையில் வந்த ஏல நோட்டீசைப் பற்றிய வழக்கில், 2014-இல் ஐரோப்பியக் கோர்ட் இதே வழியைத்தான் காட்டிற்று. பத்திரிகையின் பழைய இதழ் அப்படியே இருந்தது. கூகிளில் பெயரைத் தேடினால் வரும் இணைப்பு மட்டும் நீக்கத்தக்கதாயிற்று.

வாக்காளர் ஜாபிதா விஷயம் சற்றுச் சிக்கலானது. கம்ப்யூட்டர் எளிதில் வாசிக்க முடியாதபடி படமாகவே ஜாபிதாவை வெளியிடும் முறைக்கு 2018-இல் சுப்ரீம் கோர்ட் சம்மதம் கொடுத்தது. விலாசங்களை மொத்தமாக அள்ளுகிறவனுக்கு அது தடை. போலி வாக்காளரைக் கண்டுபிடிக்க முயலும் கட்சித் தொண்டனுக்கும் அதுவே தடை. நீக்கப்பட்டவர், சேர்க்கப்பட்டவர் ஜாபிதாக்களை மட்டுமேனும் தேடிப் பார்க்கக்கூடிய விதத்தில் வெளியிட்டால் இரண்டு நோக்கமும் நிறைவேறும் என்று நாம் கருதுகிறோம்.

இவ்வளவுக்கும் ஆதாரமாக உள்ள தத்துவம் ஒன்றே. ஒருவன் பொது ஜனங்களின் பணத்தையோ அதிகாரத்தையோ எவ்வளவு கையாளுகிறானோ அவ்வளவுக்கு அவனுடைய ஏடு திறந்திருக்க வேண்டும். ஒன்றும் கையாளாத சாதாரணப் பிரஜையின் ஏடு, பிறர் ஏமாறாமல் இருப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அங்குலமும் திறக்கக் கூடாது.

தேச ஊழியர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை உங்கள் பிரதிநிதி வோட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்பொழுது, சாலையும் சாக்கடையும் கேட்பதோடு நில்லாதீர்கள். "என் வீட்டு விலாசம் ஊரெல்லாம் தெரிகிறது, உங்கள் இலாகாவின் கணக்கு எனக்கு ஏன் தெரியவில்லை?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.